டேலி கணக்கை கூகுள் டிரைவில் வைக்கலாமா? கடை ஓர் ஊர், ஆடிட்டர் ஓர் ஊர் என்றால் எது சரிப்படும்

கிருஷ்ணகிரி பக்கம் வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஊர்கள் எல்லாம் கிட்டக் கிட்ட இருப்பது வசதிதான், ஆனால் கணக்கு விஷயத்தில் அதுவே தலைவலி. கடை பர்கூர் ஜவுளி மார்க்கெட்டில் இருக்கும், குடோன் கிருஷ்ணகிரியில், முதலாளி வீடு காவேரிப்பட்டணத்தில், ஆடிட்டர் ஆபீஸ் தருமபுரியில். நாலு இடத்திலும் டேலி என்கிற கணக்கு மென்பொருளில் இருக்கிற ஒரே கணக்கைப் பார்க்க வேண்டும். இன்றைக்கும் பல பேர் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள், இல்லையென்றால் பேக்கப்பை வாட்ஸப்பில் தட்டிவிடுகிறார்கள்.

அப்புறம் யாராவது ஒரு பையன் வந்து, "அண்ணா, டேலி ஃபோல்டரை அப்படியே கூகுள் டிரைவில் போட்டுடுங்க, எல்லா கம்ப்யூட்டர்லயும் தானா வந்துடும், காசும் கிடையாது" என்று சொல்லுவான். நான் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன், மார்ச் நெருங்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடும். என் பதில் ஒன்றுதான். பேக்கப்பை டிரைவில் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற கணக்கை மட்டும் போடாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

டேலி ஒரு கம்பெனியின் (ஒரு கடையின் கணக்குத் தொகுப்பை டேலி இப்படித்தான் சொல்லும்) கணக்கை ஒரே ஃபைலாக வைப்பதில்லை. டேட்டா ஃபோல்டருக்குள் எண் போட்ட ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் நிறைய ஃபைல்கள். லெட்ஜர்களுக்கு, வவுச்சர்களுக்கு (பில், ரசீது என்று போடுகிற ஒவ்வொரு பதிவும்), இது எதோடு சேர்ந்தது என்ற குறிப்புக்கு என்று ஒன்றையொன்று நம்பி நிற்கிறவை. நீங்கள் ஒரு விற்பனை பில் போட்டு என்டர் தட்டினால் அதில் பல ஃபைல்கள் ஒரே நேரத்தில் மாறும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் எதுவானாலும் அதற்கு இந்த உறவு தெரியாது. மாறிய ஃபைலை ஒவ்வொன்றாக மேலே ஏற்றும், அந்தப் பக்கம் ஒவ்வொன்றாக இறக்கும். பாதி ஏறியிருக்கும்போது நெட் போனால், அந்தப் பக்கம் இருப்பவரிடம் பாதி புதுசு, பாதி பழசு. அந்த நிலையில் அவர் டேலியைத் திறந்தால் கம்பெனி திறக்காமல் அடம்பிடிக்கலாம். திறந்துவிட்டால் அது இன்னும் மோசம், ஏனென்றால் எதோ விட்டுப்போனதே தெரியாமல் மேலே எழுதிக்கொண்டு போவார்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சாயங்காலம் ஆறரை மணி. பர்கூர் கடையில் அக்கவுண்டன்ட் அம்மா 214ஆம் நம்பர் விற்பனை பில்லைத் திருப்பத்தூர் பார்ட்டிக்குப் போடுகிறார். அதே நேரம் காவேரிப்பட்டணத்தில் முதலாளி லேப்டாப்பைத் திறந்து, வீட்டுக்கு வந்த பார்ட்டிக்கு ஒரு பில் போடுகிறார். அவர் கம்ப்யூட்டரில் இருக்கிற கணக்குப்படி அடுத்த நம்பர் 214தான், அதனால் அதுவும் 214. இரண்டு மெஷினிலும் ஒரே பெயர் கொண்ட ஃபைல்கள், உள்ளே வேறு வேறு விஷயம். டிராப்பாக்ஸாக இருந்தால் முரண்பட்ட பிரதி என்று பெயர் போட்டு இன்னொரு ஃபைலை உருவாக்கும். ஒன்டிரைவ் பெயரின் வாலில் கம்ப்யூட்டர் பெயரை ஒட்டி வைக்கும். சில நேரம் கடைசியாக ஏறியதே நிலைத்துவிடும், முன்னது பழைய பதிப்புகளின் வரிசைக்குப் போய்விடும். டேலி இந்தக் கூடுதல் ஃபைலை ஏறெடுத்தும் பார்க்காது, அதற்குத் தெரிந்தது பழைய பெயர் மட்டும்தான். ஒரு பேரேட்டை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டு, ராத்திரி யாரோ ஒருவர் அதில் கொஞ்சம் இதில் கொஞ்சம் பக்கங்களைக் கிழித்து ஒன்றாகத் தைப்பது மாதிரிதான் இது.

"ரிப்பேர் இருக்கே" என்பார்கள். இருக்கிறது, டேலி பிரைமில் ஆல்ட் ஒய் அழுத்தினால் டேட்டா மெனுவில் பேக்கப், ரீஸ்டோர் பக்கத்திலேயே இருக்கும். ரிப்பேர் செய்தால் கம்பெனி திறந்துவிடலாம். ஆனால் இரண்டு இடத்தில் இரண்டு பேர் போட்ட என்ட்ரிகளை அது ஒன்றாகச் சேர்த்துத் தராது. அது தெரியவருவது எப்போது என்றால், மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் போட உட்காரும்போது.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கணவன் மனைவி இருவர் மட்டும் நடத்துகிற சின்னக் கடை, ஒருவர் டேலியை மூடி, டிரைவ் ஐகானில் ஏற்றம் முடிந்ததைப் பார்த்து, போன் போட்டுச் சொன்ன பிறகே மற்றவர் திறப்பார் என்றால், வண்டி ஓடும். ஓடுகிற கடைகளும் இருக்கின்றன. ஆனால் சீசன் நேரத்தில், ஏழு மணிக்குக் கடை நிறையக் கூட்டம், கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது என்கிறபோது அந்தப் போன் போடுகிற ஒழுக்கம் நிற்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. டிரைவ் கம்ப்யூட்டரில் ஸ்ட்ரீம், மிரர் என்று இரண்டு விதமாக இயங்கும், மிரர் வைத்தால் ஃபைல்கள் முழுசாக உங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கும், ஸ்ட்ரீம் வைத்தால் தேவைப்படும்போது இழுத்துக்கொள்ளும். ஸ்ட்ரீமில் டேலி டேட்டாவை வைப்பது பற்றிப் பேசவே வேண்டாம்.

இதே டிரைவில் எக்செல் கணக்கு வைப்பது வேறு விஷயம். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் வரத்து, எடை, கமிஷன், கூலி என்று தினம் எழுதுகிறவர்களுக்கு கூகுள் ஷீட்ஸ் போதும், அருமையாகவும் இருக்கும். மூன்று பேர் மூன்று போனில் ஒரே நேரத்தில் எழுதினாலும் ஒரே ஷீட்டில்தான் விழும், ஏனென்றால் அங்கே ஃபைல் ஊர் ஊராகப் போவதில்லை, ஆட்கள்தான் அந்த ஒரே ஷீட்டுக்கு வருகிறார்கள். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பழைய பதிப்பும் கிடைக்கும். டேலிக்கும் வழி தேடும்போது இதைத்தான் மனதில் வைக்க வேண்டும், கணக்கு ஓர் இடத்தில் இருக்கட்டும், நாம் அதனிடம் போவோம்.

சரி, முதல் வழிக்கு வருவோம், எனக்குப் பிடித்ததும் இதுதான், பெரும்பாலான கடைகளுக்கு இதற்கு மேல் தேவையும் இல்லை. கணக்கு கடைக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். டேட்டா ஃபோல்டர் டிரைவுக்கு வெளியே. தினம் கடை அடைக்கும் முன் டேலியிலேயே பேக்கப் எடுக்க வேண்டும், அந்தப் பேக்கப் போய் விழுகிற இடம் மட்டும் டிரைவ் ஃபோல்டர். பேக்கப் எடுத்து முடித்த ஃபைல் மறுபடி மாறாது, அதனால் சிங்க் செய்வதில், அதாவது எல்லா இடத்திலும் ஒரே பிரதியாக ஆக்குவதில், எந்தச் சண்டையும் வராது. சின்னக் கடையின் பேக்கப் சில பத்து எம்பிதான் வரும், கூகுள் இலவசமாகத் தருகிற 15 ஜிபியில் தாராளமாக அடங்கும். ஒன்டிரைவ் இலவசத்தில் 5 ஜிபி, டிராப்பாக்ஸில் 2 ஜிபி, அதுவே போதும் என்பவர்களும் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள், கூகுளின் 15 ஜிபி என்பது ஜிமெயில், போட்டோ, டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து. முதலாளி போனில் கல்யாண வீடியோ ஏறி அது நிரம்பினால், பேக்கப் நின்றுபோகும், மெயிலும் வராது. அதனால் கடைக்கென்று தனி ஜிமெயில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜிமெயில் யார் பெயரில், யார் போன் நம்பரில் இருக்கிறது என்பதும் முக்கியம். கணக்கு எழுத வந்த பையன் தன் சொந்த ஐடியிலேயே ஃபோல்டர் போட்டு, வேலையை விட்டு ஓசூர் கம்பெனிக்குப் போய்விட்டால், ஐந்து வருஷ பேக்கப்பும் அவனோடு போகும். இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான நம்பர் முதலாளியுடையதாக இருக்கட்டும். ஆடிட்டருக்குப் பகிரும்போது "லிங்க் உள்ள யாரும்" என்று வைக்காமல் அவருடைய மெயிலைப் போட்டுப் பகிருங்கள், பார்க்க மட்டும் அனுமதி. கம்பெனிக் கணக்கையே பூட்டுகிற டேலி வால்ட் கடவுச்சொல் வைத்தால் பேக்கப் யார் கையில் போனாலும் திறக்க முடியாது. அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது, டேலி கம்பெனியே வந்தாலும் முடியாது, அதனால் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

வாட்ஸப் பேக்கப்பை விட இது எந்த விதத்தில் மேல் என்று கேட்கலாம். வாட்ஸப்பில் 2 ஜிபி வரை ஃபைல் போகும், அளவு ஒரு பிரச்சினை இல்லை. பிரச்சினை, மூன்று நாளில் அனுப்பிய மூன்று ஃபைலுக்கும் ஒரே மாதிரிப் பெயர், ஆடிட்டர் ஆபீஸ் பெண் நடுவில் உள்ளதை இறக்கி வேலை செய்துவிடுவார். டிரைவில் தேதி போட்ட ஃபோல்டர் இருக்கும், எது கடைசி என்பதில் குழப்பம் இல்லை.

இந்த வழியில் ஒரே இடத்தில்தான் கால் இடறும், ஆடிட்டர் பக்கம். மார்ச் கணக்கு முடிக்கும்போது அவர் உங்கள் பேக்கப்பைத் தன் கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து தேய்மானம், வட்டி, செலவு பாக்கி என்று சில ஜர்னல் என்ட்ரிகள் போடுவார். ரிட்டர்ன் போய்விடும், பேலன்ஸ் ஷீட் கையெழுத்தாகி வந்துவிடும். அந்த என்ட்ரிகள் உங்கள் கணக்கில் இருக்காது. அடுத்த வருஷம் தொடக்க இருப்பு உங்களிடம் ஒன்று, அவரிடம் ஒன்று, அப்புறம் பத்து மாதம் கழித்து இந்த 48 ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பக்கமும் தலையைச் சொறிய வேண்டியதுதான். சில பேர் ஆடிட்டர் திருத்திய பேக்கப்பை வாங்கித் தங்கள் கணக்கின் மேலேயே ரீஸ்டோர் செய்கிறார்கள். அதற்குள் கடையில் ஏப்ரல், மே பில்கள் போட்டிருந்தால் அவை அத்தனையும் அடிபட்டுப் போகும். சரியான வழி, ஆடிட்டரிடம் அந்த ஜர்னல் என்ட்ரிகளின் பட்டியலை மட்டும் கேட்டு வாங்கி நீங்களே போடுவது. பத்துப் பதினைந்து என்ட்ரிதான் இருக்கும். நிறைய இருந்தால் எக்ஸ்எம்எல் ஆக எக்ஸ்போர்ட் செய்து தரச் சொல்லி உங்கள் பக்கம் இம்போர்ட் செய்யலாம், இம்போர்டுக்கு முன் ஒரு பேக்கப் எடுத்துவிட்டு.

இரண்டாவது வழி, கடைக் கம்ப்யூட்டருக்குள் வீட்டிலிருந்தே நுழைவது. முதலாளி ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து ஸ்டாக்கும் பாக்கியும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் இலவசமாகவே இந்த வேலையைச் செய்யும். எனிடெஸ்க் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், கடைக்குப் பயன்படுத்தினால் கட்டணம். இதில் கணக்கு நகர்வதே இல்லை, திரை மட்டும்தான் தெரியும், அதனால் கெட்டுப்போக வழியில்லை. சிரமம் வேறு இடத்தில். சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான், நீங்கள் உள்ளே நுழைந்து மவுஸை நகர்த்தினால் கடையில் பில் போடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கடைக் கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இருக்க வேண்டும், மின்வாரியப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்க முடங்கிவிடும், யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. இதைச் செய்து தருகிறேன் என்று வருகிறவர் ரவுட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல்) திறந்துவிட்டு விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்துக்குக் காட்டினால் அவரை அங்கேயே நிறுத்துங்கள். பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேர் ஆட்கள் முதலில் தட்டிப் பார்க்கிற கதவு அதுதான்.

டேலியின் சொந்த வழி ஒன்றும் உண்டு, டேலிக்குக் கட்டுகிற டிஎஸ்எஸ் என்கிற சந்தா செல்லுபடியாக இருந்தால் டேலி டாட் நெட் ஐடி மூலம் வெளியூரிலிருந்து கம்பெனிக்குள் வரலாம், ரிப்போர்ட்டை பிரவுசரில் பார்க்கலாம். ஆடிட்டருக்கு இது நன்றாகப் பொருந்தும், பேக்கப் அனுப்பும் வேலையே மிச்சம். கடைக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்கிற நிபந்தனை இங்கேயும் இருக்கிறது.

பர்கூரில் ஒருவர், கிருஷ்ணகிரி குடோனில் ஒருவர், இரண்டு பேரும் நாள் முழுக்க பில் போட வேண்டும் என்றால்? சில பேர் உடனே பல கம்ப்யூட்டருக்கான கோல்டு லைசென்ஸ் வாங்கப் போவார்கள். ஒருவருக்கான சில்வரைப் போல மூன்று மடங்கு விலை, அது ஒரே கட்டடத்துக்குள் லேன் கேபிளில் நாலு கம்ப்யூட்டர் இருக்கிறவர்களுக்குத்தான் பயன். இரண்டு ஊருக்கு அது மட்டும் போதாது. டேலிக்குள்ளேயே இருக்கிற சிங்க்ரனைசேஷன் இதற்காகவே செய்தது. இரண்டு இடத்திலும் தனித்தனி டேலி, கிளையில் போட்ட வவுச்சர்கள் தலைமைக் கணக்குக்குப் போய்ச் சேரும். ஃபைலை நகர்த்தாமல் வவுச்சரை நகர்த்துவதால் கூகுள் டிரைவில் வருகிற சண்டை இதில் இல்லை. அமைக்கும்போது பில் நம்பர் வரிசையை இடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள், பர்கூருக்கு ஒரு முன்னொட்டு, கிருஷ்ணகிரிக்கு ஒன்று. ஜிஎஸ்டி விதி 46 ஒன்றுக்கு மேற்பட்ட வரிசையை அனுமதிக்கிறது, நம்பர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், அந்த நிதியாண்டில் இரண்டு பில்லுக்கு ஒரே நம்பர் வரக்கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, டேலியையே வாடகை சர்வரில் வைப்பது. மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், லைசென்ஸ் பெரும்பாலும் உங்களுடையது. எல்லாரும் எங்கிருந்தும் ஒரே கணக்கில் வேலை செய்யலாம், கடையில் கரண்ட் போனாலும் ஆடிட்டர் வேலை நிற்காது. செலவு மாதாமாதம் விடாமல் வரும் என்பதும், நெட் இல்லாவிட்டால் ஒரு பில் கூடப் போட முடியாது என்பதும் இதன் மறுபக்கம். அஞ்செட்டி, தளி மாதிரி காட்டோரத்தில் கடை வைத்திருக்கிறவர்கள் முதலில் தங்கள் லைனை ஒரு மாதம் கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒப்பந்தம் போடும்போது, நாளைக்கு நிறுத்தினால் என் டேட்டாவை எப்படித் தருவீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நாலாவது, டேலியையே விட்டுவிட்டு ஜோஹோ புக்ஸ் மாதிரி இணையத்திலேயே ஓடுகிற மென்பொருளுக்குப் போவது. புதிதாகக் கடை தொடங்குகிறவர், முப்பது வயசுக்குள், போனிலேயே எல்லாம் செய்து பழகியவர் என்றால் நான் இதைத்தான் சொல்லுவேன். சிங்க் என்ற பேச்சே இல்லை, ஆடிட்டரை ஒரு பயனராகச் சேர்த்துவிட்டால் முடிந்தது. விற்றுமுதல் குறைவாக இருப்பவர்களுக்கு இலவசத் திட்டமும் தருகிறார்கள். பத்து வருஷ டேலி கணக்கு வைத்திருக்கிற மண்டிக்காரரை இதற்கு இழுப்பது வேறு கதை, அவருடைய ஆளுக்கும் டேலிதான் தெரியும், ஆடிட்டருக்கும் டேலிதான் தெரியும், மாறுவதில் போகிற நேரம் மிச்சமாகிற நேரத்தைத் தின்றுவிடும்.

ஓசூர் சிப்காட் பக்கம் பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கிற சின்ன யூனிட்கள் பல பிரைவேட் லிமிடெடாக இருக்கின்றன, அவர்களுக்கு இந்தத் தேர்வில் இன்னும் இரண்டு கட்டுப்பாடு உண்டு. மின்னணு வடிவில் கணக்கு வைக்கிற கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கிற சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனிகள் கணக்கு விதிகளைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் எந்த என்ட்ரியை யார் எப்போது மாற்றினார் என்ற தடம் பதிகிற மென்பொருள்தான் பயன்படுத்த வேண்டும், டேலி பிரைமில் எடிட் லாக் பதிப்பு வந்தது இதனால்தான். இலவச கூகுள் டிரைவில் உங்கள் ஃபைல் எந்த நாட்டில் கிடக்கிறது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் கம்பெனிக்காரர்கள் டிரைவைக் கூடுதல் பிரதிக்கு வைத்துக்கொண்டு, முதல் பேக்கப்பை இந்தியாவில் சர்வர் இருக்கிறது என்று எழுத்தில் தருகிறவரிடம் வைப்பது நல்லது. தனிநபர் கடைக்கும் கூட்டுக் கடைக்கும் இந்த இரண்டும் கிடையாது. ஆனால் ஜிஎஸ்டி பதிவு உள்ள எல்லாரும் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு வைத்திருக்க வேண்டும், அதனால் மார்ச் 31 பேக்கப்பை மட்டும் தனி ஃபோல்டரில் வருஷம் போட்டு வையுங்கள், தினசரி பேக்கப்பை அழிக்கும்போது அதில் கை வைக்காதீர்கள்.

அழிப்பது பற்றிச் சொல்லும்போது, டிரைவ் இருக்கிறதே என்று வெளி ஹார்ட் டிஸ்கை விட்டுவிடாதீர்கள். சிங்க் என்பது நல்லதையும் கெட்டதையும் ஒரே மாதிரி நகல் எடுக்கும், கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் ஃபைலைப் பூட்டினால் பூட்டிய ஃபைலே மேலேயும் போகும். கூகுள் டிரைவில் இந்த மாதிரி ஃபைலின் பழைய பதிப்பு 30 நாளோ 100 பதிப்போ வரைதான் நிற்கும், அதற்குள் கவனித்தால் மீட்கலாம். வாரம் ஒரு தரம் பேக்கப்பை ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது இன்னும் நல்ல பழக்கம்தான்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, டிரைவில் இருக்கிற பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில், காலியான புது ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து டிரயல் பேலன்ஸ் எடுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் அதே தேதிக்கு எடுத்ததோடு கடைசி ரூபாய் வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது எந்தக் கம்பெனியை பேக்கப் எடுத்தோம் என்பதை, ஏனென்றால் கணக்கை வருஷவாரியாகப் பிரித்து வைத்திருக்கிற கடைகளில் ஒரே பெயரில் இரண்டு மூன்று கம்பெனிகள் இருக்கும், அதில் போன வருஷத்ததையே மாதக்கணக்கில் பேக்கப் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.